சாவிகளோடு ஒரே பையில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சமையலறைத் தொட்டியில் கிடைத்தது. அழுகிய முட்டை வாசனையோடு கிடைத்தது. கிடைத்த இடத்தை மறைத்து, வானத்திலிருந்து இறங்கியதுபோல் எழுதத்தான் நினைத்தேன். மூக்கு ஒத்துழைக்கவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு மனிதனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதுவது சொல்வதாகாது என்பது என் கட்சி. கல்லூரியில் ஒரு பருவம் தத்துவம் படித்ததில் இந்த அளவுக்குத்தான் தேறினேன். தவிர, இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து ரீனோ நகரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் அம்மாவும். அம்மா என் கதைகளைப் படிப்பதில்லை. இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் நெவாடாவில் கிடையாது.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் போட்டுப் பார்த்தேன்.

"ஜூலை மாதத்து ரீனோவின் வெயில் ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது.

"காதல் என்பது வெள்ளியைப் போல

இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

"ஆர்லன் காசைக் கழுவினான்."

இது நிற்கிறது. எங்கள் நாணயச் சங்கத்தில் இந்த ஒரு வரியைப் படித்தாலே நாலு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

2

பழைய வெள்ளி டாலரை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். ஒற்றை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் மெல்லச் சாய்க்க வேண்டும். அச்சடித்த அன்றைக்கே மூட்டையில் கட்டி, நூறு வருடம் யாரும் தொடாமல் உறங்கிய காசு என்றால், வெளிச்சம் அதன்மேல் வண்டிச்சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழலும். காசு கொஞ்சம்தான் அசைகிறது. வெளிச்சம் ஊரையே சுற்றிவருகிறது. பனி உருகும் மலைச்சரிவில் மேகத்தின் நிழல் ஓடுவதைப் போல இருக்கும். முதல்முறை பார்த்தபோது சாய்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. "வாயை மூடு காலேஜ், ஈ போயிடும்" என்று லூயெல்லா சொன்ன பிறகுதான் திரும்பி வந்தேன்.

(காலேஜ் என்பது நான். சங்கத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை.)

லூயெல்லா ஸ்ட்ராண்டுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காசின் தரம் சொல்வதில் சங்கத்தில் அவர் வார்த்தைதான் கடைசி. வளைகழுத்து விளக்கும், குச்சிமுனைக் கண்ணாடியும் பழைய வேலையிலிருந்து கூடவே வந்தவை. காசை எடுத்துப் பார்க்கும்போது "ஆ காட்டு" என்று சொல்வார். காசும் காட்டும்.

தரம் என்பது ஒன்றிலிருந்து எழுபது வரை ஓர் எண். எழுபது என்றால் யாருமே தொடாதது. ஒன்று என்றால் எல்லோரும் தொட்டது. [நடுவில் இருப்பதுதான் வாழ்க்கை என்று இங்கே ஒரு வரி இருந்தது. நீக்கிவிட்டேன். அது இருந்த இடம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

எழுபதை வசதியுள்ளவர்கள் துரத்துகிறார்கள். எங்கள் சங்கத்துப் பதினான்கு பேரும் ஒன்றைத் துரத்துகிறோம். காசிலிருக்கும் பெண்ணின் முகம் மழுமழுவென்று ஆகியிருக்க வேண்டும்; மறுபக்கத்துக் கழுகு, கழுகு மாதிரி ஒரு மேடாக ஆகியிருக்க வேண்டும்; ஆனால் அச்சடித்த வருடமும், எந்த ஊரில் அடித்தது என்ற எழுத்தும் படிக்க வர வேண்டும். அதுதான் ஒன்று. அதற்குமேல் ஒரு விரல் தேய்த்தால் வருடம் போய்விடும். வருடம் போன காசுக்கு எண்ணே கிடையாது. அது வெறும் வெள்ளி.

இதில் ஒரு நேர்மை உண்டு. அரம், மணல்தாள் என்று இறங்கினால் சங்கத்திலிருந்து நீக்கம். கழுவிப் பளபளப்பாக்கினால் அந்தக் காசுக்கும் எண் கிடையாது. காசைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் நடக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய ஜீன்ஸிலும் வலது பைக்கு மேலே துணி வெளுத்து ஒரு வட்டம் விழுந்திருக்கும். கடைத்தெருவில் அந்த வட்டத்தைப் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம்.

ஏன் என்று கேட்காதீர்கள். மீன் பிடிக்கப் போகிறவர்களை நீங்கள் கேட்டதுண்டா?

3

ஆர்லனுக்கு ஐம்பத்தாறு வயது. சூதாட்ட விடுதிகளில் இயந்திரங்கள் மக்கர் செய்தால் திறந்து சரிசெய்கிறவன். மைட்டே கொயனெச்சே அப்படி ஒரு விடுதியில் ஆட்டக்காரர்களுக்குச் சீட்டுப் போடுகிறவள். எதிரே இருப்பவனின் விரல் நடுங்குவதை அவன் உணர்வதற்கு முன்பே பார்த்துவிடுவாள். ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தவரின் பேத்தி. (நேரில் இருவரிடமும் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் எல்லோருக்கும் ஒருமை. லூயெல்லாவுக்கு மட்டும் 'அவர்'. பயம்.)

இருவரும் கணவன் மனைவியாக இருந்தார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் விவாகரத்து ஆனது. அந்த விஷயத்தில் இந்த ஊர் எப்போதுமே சுறுசுறுப்பு. நீதிமன்றம் வண்டியை அவளுக்கும் குளிர்பெட்டியை அவனுக்கும் கொடுத்தது. நாய் தானே யோசித்து அவளோடு போனது. காசை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது வண்டியின் முன்பக்கத்துச் சின்னப் பெட்டிக்குள், பழைய வரைபடங்களுக்கு அடியில் கிடந்தது: 1890, கார்சன் சிட்டியில் அடித்தது, கழுகுக்குக் கீழே இரண்டு சின்ன 'சி'. அப்போது அதன் தரம் மூன்று.

அதற்காக இன்னொரு முறை வழக்கறிஞரிடம் போக இருவருக்கும் தெம்பில்லை. பாஸ்க் சாப்பாட்டுக் கடையின் நீள மேசையில், முன்பின் தெரியாத நாலு பேருக்கு நடுவில் எதிரெதிரே உட்கார்ந்து, காகிதக் கைக்குட்டையில் ஒப்பந்தம் எழுதினார்கள். ஆர்லனின் பணப்பையில் இன்னும் இருக்கிறது. பீன்ஸ் சூப் கறையோடு நான் படித்த வாசகம் இது:

ஆறு மாதம் அவள், ஆறு மாதம் அவன். ஜனவரியிலும் ஜூலையிலும் முதல் ஞாயிறு இதே கடையில் கைமாற்ற வேண்டும். காசு வலது பையில், சாவிகளோடு ஒரே பையில் இருக்க வேண்டும். ஒன்று வந்ததும் விற்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் வழிக்கு ஒருவர் வரக் கூடாது.

சாவிகளோடு என்று எழுதச் சொன்னவள் மைட்டே. சாவியோடு உரசினால் காசு சீக்கிரம் தேயும். அவள் நடந்துவந்தால் கணீர் கணீர் என்று தொழுவத்து மணிபோலக் கேட்கும். சாவி இல்லாமல் தனியாகக் கிடக்கும் காசு துணியில் மட்டும் உரசும். சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

பெண்முகத்தின் இடப்பக்கம் ஏழு நட்சத்திரங்கள் இருந்தன. முதல் நட்சத்திரம் மைட்டேயின் அம்மா இறந்த குளிர்காலத்தில் போனது. இரண்டாவது, நாய் போன வருடம். மூன்றாவது போக நாளாயிற்று, ஏனென்றால் ஆர்லனுக்கு முழங்கால் அறுவை. "உக்காந்தே ஏமாத்துறே" என்று மைட்டே சூப்புக்கு மேலாகத் திட்டினாள். பெருந்தொற்றுக் காலத்தில் யாரும் எங்கும் நடக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. பிறகு நாலும் ஐந்தும் ஒரே கோடையில்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். கனவில் ஒரு கட்டைவிரல் மலைத்தொடர்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மலைகள் மழுங்கின. ஊர் மழுங்கியது. விடுதிகளின் விளக்கெழுத்துகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் ஒரு சாம்பல்நிறச் சமவெளியில் நீள மேசை ஒன்று, இரண்டு கிண்ணங்கள், ஆவி. கிண்ணத்தின் அடியில் ஒரு வருடம் எழுதியிருந்தது. குனிந்து படிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

4

மைட்டேயை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். ஜூன் கூட்டத்தில் அவள் லூயெல்லாவிடம் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"ஜூலையில பாத்துச் சொல்லுங்க லூயெல்லா. இந்தத் தடவை ஒண்ணு வந்துடும்னு தோணுது."

"வந்துட்டா?"

"பாய்சி ஊருக்கே போயிடுவேன். அக்கா வீட்ல மாடி அறை சும்மாதான் கெடக்கு. இங்க எனக்கு என்ன இருக்கு?"

சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் ஆர்லனின் கையிலிருந்த பிஸ்கட் காப்பிக்குள் விழுந்து மூழ்கியது. அவன் அதை எடுக்கவில்லை.

அவளுக்குப் போக வேண்டும் என்று ஆசையா, இல்லை யாராவது போகாதே என்று சொல்ல வேண்டும் என்று ஆசையா? அவளுடைய ஆசிரியன் நான், எனக்குத் தெரியாது.

5

ஜூலை முதல் ஞாயிறு. மதியம் பாஸ்க் கடையில் ஆர்லன் காசைத் தரவில்லை. "வீட்ல வச்சுட்டேன், கூட்டத்துக்கு நேரா கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்கறி வருவதற்கு முன்பே எழுந்து வந்திருக்கிறான். கூட்டம் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கு நான் காப்பி தேடிச் சங்கக் கூடத்தின் சமையலறைக்குப் போனேன்.

தொட்டியருகே ஆர்லன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அழுகிய முட்டை வாசனை.

"என்ன செய்றீங்க ஆர்லன்?"

"பாத்திரம் கழுவுறேன்."

"பாத்திரம் எங்க?"

"சின்னப் பாத்திரம்."

திரும்பினான். ஒரு கையில் வெள்ளி கழுவும் திரவக் குப்பி; வாசனை அதிலிருந்துதான். இன்னொரு கையில் காசு, சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை வெளேரென்று.

ஜனவரியில் வாங்கிய காசை அவன் ஒரு நாள்கூடப் பையில் போடவில்லை. பழுப்புக் காகித உறைக்குள் போட்டு, காலுறை வைக்கும் இழுப்பறையில் வைத்துவிட்டான். தேயாமல் இருக்கட்டும் என்று. நேற்று எடுத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்க நீலமும் ஒயின் நிறமுமாக ஏறியிருக்கிறது. பையில் நடக்கிற காசுக்கு நிறம் ஏறாது. உரசி உரசி ஒரே சாம்பலாக இருக்கும். நிறம் ஏறினால் அது கிடந்த காசு. மைட்டே ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள்.

"அதான் முக்கி எடுத்துட்டேன். அஞ்சே நொடி."

"ஆர்லன், இப்ப இது கழுவுன காசு மாதிரி இருக்கு."

"கழுவுன காசுதானே."

"அதைத்தான் சொல்றேன்."

அவன் குனிந்து உள்ளங்கையைப் பார்த்தான். இருபது வருடமாகச் சங்கத்தில் இருப்பவன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் 'காசைக் கழுவாதே' என்று சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். சின்னத் தப்பை மறைக்க, எங்களுக்குள் கொலைக்குச் சமமான தப்பைச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எதுக்கு உறையில போட்டீங்க?"

"ஒண்ணு வந்துட்டா, ஜனவரியில நான் யாரோட உக்காந்து சூப் குடிக்கிறது?"

[இந்த வரியை மேம்படுத்தப் பார்த்தேன். 'அவளில்லாத என் நாட்கள்' என்றெல்லாம் போட்டேன். அவன் சூப்பைப் பற்றித்தான் பேசினான். சூப்பே இருக்கட்டும்.]

"அவங்ககிட்டயே சொல்லிடலாமே."

"பதினோரு வருஷமா வாயில வராதது இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள வந்துடுமா? போ காலேஜ். நீ எதையும் பாக்கல."

"காப்பிய மட்டும்தான் பாத்தேன். அதுவும் தீந்துபோச்சு."

6

எங்கள் வழக்கம் இது: தொப்பிக்குள் பெயர்களைப் போட்டுக் குலுக்கி மூன்று நடுவர்களை எடுப்போம். நடுவர்கள் பேசக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதிக் கவிழ்த்து வைத்து, மூன்றையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும்.

லூயெல்லாவின் பெயர் வந்தது. அடுத்து என் பெயர் வந்தது. கதை எழுதுகிறவன் பெயரே குலுக்கலில் வருவது மலிவான உத்திதான், ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு பேரில் வராமல் எங்கே போகும்? மூன்றாவது நடுவரைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். வருத்தப்பட மாட்டார், தூங்கிக்கொண்டிருந்தார்.

மைட்டே முன்வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஆர்லன் சுவரோரமாக நின்றுகொண்டு.

காசு விளக்குக்குக் கீழே வந்தது. சாய்த்தேன். சக்கரம் எதுவும் சுழலவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நிலா இருப்பதுபோல ஒரு முகம், கண்ணில்லாமல், வாயில்லாமல், ஆனாலும் யாரையோ பார்த்தபடி. கடைசி இரண்டு நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இரண்டு தயக்கங்கள். கீழே 1890, மூச்சுவிட்டால் கலைந்துவிடும்போல. அந்த வழவழப்புக்குள் எது அவன் விரல், எது அவள் விரல் என்று பிரிக்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது. ஒன்றுக்கு ஒரு முடியிழை பாக்கி. இந்த ஆறு மாதம் அவன் நடந்திருந்தால் அந்த இழையும் போயிருக்கும்.

நான் '2' என்று எழுதினேன். கழுவியதைப் பார்த்தும் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சின்னப் பொய்க்கதை அது.

சீட்டுகளைத் திருப்பினோம். என்னுடையதில் 2. லூயெல்லாவுடையதில் எண் இல்லை. 'கழுவியது' என்று இருந்தது.

கூடத்தில் யாரோ "கடவுளே" என்றார்கள்.

"யாரு துலக்குனது?" என்றார் லூயெல்லா. "பொய்ப்பல் மாதிரி இளிக்குது. நாப்பது வருஷம் பல்லைத் தேய்டான்னு கெஞ்சினேன், ஒருத்தனும் தேய்க்கல. காசைத் தேய்க்காதேன்னா மட்டும் தேய்ச்சுட்டு வந்து நிக்கிறீங்க. காலேஜ், உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"தூசி விழுந்துடுச்சு" என்றேன்.

"இதுக்கு எண் கிடையாது. திரும்பப் பையில போடுங்க. நாலஞ்சு வருஷம் நடந்தா பழைய சாம்பல் வரும். அப்ப எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்."

நாலைந்து வருடம். ஆர்லன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அவன் கேட்காமலே, அவன் செய்த முட்டாள்தனமே அதை அவனுக்குக் கொடுத்துவிட்டது.

மைட்டே எழுந்தாள். அவசரப்படாமல் நடந்து அவன் முன்னால் போய் நின்றாள். அவனுடைய வலது கையை எடுத்துக் கட்டைவிரலை முகர்ந்தாள்.

"முட்டை."

"மதியம் சாப்பிட்டேன்."

"மதியம் என் முன்னாடிதான் உக்காந்திருந்தே. அரைக் கிண்ணம் சூப்." அவள் பார்வை இறங்கியது. "ஜீன்ஸ் புதுசா?"

"ஜனவரியில வாங்கினது."

"வட்டம் விழல."

பதினோரு பேர் தங்கள் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வட்டம் இருந்தது. ஆர்லனின் நீலத்துணி மட்டும் கடையில் மடித்துவைத்ததுபோல அப்படியே இருந்தது.

"ஆறு மாசம்" என்றாள் மைட்டே. "ஒரு நாள்கூடப் போடல. ஏன்?"

7

முடிவுகள். மூன்று எழுதினேன். வாசகரே, நடுவராக உட்காருங்கள்; விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவதில் ஆர்லன் எல்லார் முன்னாலும் மனதைத் திறக்கிறான், மைட்டே அழுகிறாள், சங்கம் கைதட்டுகிறது, தூங்கிய நடுவர்கூட எழுந்து தட்டுகிறார். பளபளக்கிறது. லூயெல்லா பார்த்தால் யாரு துலக்குனது என்று கேட்பார்.

இரண்டாவதில் அவள் பாலத்துக்குப் போய்க் காசை ட்ரக்கி ஆற்றில் எறிகிறாள். விவாகரத்து ஆன பெண்கள் மோதிரத்தை அந்தப் பாலத்திலிருந்துதான் எறிவார்கள் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அத்தனை கைகள் பட்ட முடிவு. வருடமே தெரியவில்லை. எண் கிடையாது.

மூன்றாவது: "மைட்டே சிரித்துக்கொண்டே, எனக்கு எல்லாம் முன்னாடியே

அவள் சிரிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன்.

8

நடந்தது இவ்வளவுதான்.

"ஏன்?" என்ற கேள்விக்கு ஆர்லன் வாயைத் திறந்தான். பதினோரு வருடம் வராதது அன்றைக்கும் வரவில்லை. "சூப்..." என்றான். அதோடு நின்றுவிட்டான்.

மைட்டே அவனைப் பார்த்தாள். சீட்டு மேசையில் எதிராளியைப் பார்ப்பதுபோல, அவன் முகத்தை அல்ல, கையை. கை நடுங்கியது.

"சூப்" என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

லூயெல்லா காசை விளிம்பில் பிடித்து நீட்டினார். "இப்ப யாரு முறை?"

"என் முறை."

அவள் விளிம்பில் வாங்கவில்லை. உள்ளங்கையில் வாங்கி ஐந்து விரல்களையும் மூடினாள். பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. வலது முழங்கை ஒரு தரம் அசைந்தது. பைக்குள் கை போனது. அதுவரை நிச்சயம். அதற்கு முன்னால் இடது முழங்கையும் அசைந்ததா, சாவிக்கொத்து ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியதா என்று கேட்டால், நான் இருந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. சாவிகளோடு கணீர் கணீர் என்றால் நாலைந்து வருடம், அதற்குப் பிறகு பாய்சி. காசு தனியாக என்றால் கணக்கே வேறு. அவர்கள் இருவருக்கும் பல் போன பிறகும் அந்த முகத்தில் ஒரு முடியிழை பாக்கி இருக்கும்.

இப்போது வாசலுக்கு முப்பது அடி. மரத்தரை. சுவரில் குளிர்விப்பான் மட்டும் கதறிக்கொண்டிருக்கிறது. லூயெல்லா எட்டி அதை அணைத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆர்லன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறான். நானும் பேனாவை வைத்துவிட்டேன்.

மைட்டே முதல் அடியை எடுத்துவைக்கிறாள்.

நீங்களும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.